இரத்தம் போகும்போது ஹெப்பாரின் ஊசி எதற்கு?

பெருங்குடல் புண் அழற்சி தீவிரமாகி, மலத்தோடு இரத்தம் போகும் நிலையில் ஒருவர் உள்நோயாளியாகச் சேர்கிறார். செவிலியர் அவருடைய வயிற்றுத் தோலுக்கடியில் ஓர் ஊசி போடுகிறார். அது இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்று தெரிந்ததும் உடனிருப்போர் திடுக்கிடுகின்றனர். ஏற்கெனவே இரத்தம் போகிறதே, இது எதற்கு என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆயினும் அந்த ஐயத்தால் ஊசியை மறுத்துவிடுவது ஆபத்தானது என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

இரத்தம் கசிவது குடலில் புண் உள்ள இடத்தில் மட்டுமே. அழற்சியின் விளைவோ உடல் முழுவதும் பரவுகிறது. கல்லீரல், இரத்த உறைதலுக்கு வேண்டிய ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை மிகுதியாக உண்டாக்குகிறது. தட்டணுக்கள் பெருகி, எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இரத்தக்குழாயின் உட்சுவரும் பாதிக்கப்படுகிறது. இவற்றோடு வயிற்றுப்போக்கால் நீர் வற்றி, படுக்கையிலேயே கிடக்கவும் நேர்ந்தால், காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் தேங்கிக் கட்டியாகக்கூடும். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் பார்கெனும் பார்க்கரும் 1936ஆம் ஆண்டிலேயே இதைப் பதிவு செய்துள்ளனர். புண் அழற்சி, குரோன் நோய் ஆகிய இரண்டிலும் இவ்வாபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு. நோய் தீவிரமாகும் நாள்களில் இன்னும் கூடுதல். தடுப்பு அளவில் தரப்படும் ஹெப்பாரின் குடல் கசிவைப் பொதுவாக அதிகரிப்பதில்லை. கசிவு மிகக் கடுமையானால் மருத்துவர் ஊசியை நிறுத்திவைத்து, கால்களுக்கு அழுத்த உறை போடச் சொல்வார்.

வீடு திரும்பிய பின்னரும் கவனம் வேண்டும். நெய்வேலியில் திறந்தவெளிச் சுரங்கத்தில் ஷிப்டு பார்ப்போருக்கும், மேல்சிகிச்சைக்காகப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பேருந்தில் செல்வோருக்கும் ஓர் அச்சம் உண்டு: அவசரத்துக்குக் கழிப்பறை கிடைக்காதே! அதனால் தண்ணீரையே தவிர்த்துவிடுகின்றனர். அச்சம் புரிகிறது. ஆனால் தண்ணீரை நிறுத்துவதால் அழற்சியால் வரும் பேதி நிற்பதில்லை. உடலில் நீர் வற்றுவதுதான் மிச்சம். சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டியதில்லை. உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகுங்கள். அமர்ந்தபடியே குதிகாலையும் முன்பாதத்தையும் மாறிமாறி உயர்த்துங்கள். பேருந்து நிற்குமிடத்தில் இறங்கி நடங்கள். பணியிடத்தில் கழிப்பறைக்கு அருகில் வேலை கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஸ்டீராய்டு, டோஃபாசிட்டினிப், ஈஸ்ட்ரோஜன் அடங்கிய கருத்தடை மாத்திரை ஆகியவையும் உறைவு அபாயத்தைக் கூட்டலாம். நீங்களாக எதையும் நிறுத்தாமல், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பீடி, சிகரெட் புண் அழற்சிக்கு நல்லது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சை நம்பிப் புகைப்போரின் இதயத் தமனிகளே அதற்கு விலை கொடுக்கின்றன. குரோன் நோயோ புகையால் மேலும் முற்றுகிறது.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிட வேண்டாம்; அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். குடல் அழற்சி நோய் இருப்பதை ஊர்தியில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.