பதினேழாம் நாள் போன் பண்ணுங்கள்

துக்க வீட்டில் முதல் பதினாறு நாளும் ஆள் இருக்கும். வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, அடுப்படியில் யாராவது ஒருவர் காபி ஆற்றிக்கொண்டே இருப்பார். காரியம் முடிந்து, வாடகைப் பாத்திரம் திரும்பிப் போய், கடைசிச் சித்தியும் பஸ் ஏறிய பிறகுதான் வீடு வெறிச்சோடும். என் தோழி திருநெல்வேலியில் கணவரை இழந்தபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். எடுத்துப்போவதற்குள் போய்ச் சேர முடியவில்லையே என்று அன்று முழுக்க அழுதேன். ஆனால் தூரத்தில் இருப்பவர்களுக்கான முக்கிய வேலை பதினேழாம் நாள்தான் தொடங்குகிறது என்பது அடுத்த ஒரு வருடத்தில் புரிந்தது. அந்த ஒரு வருடத்தில் தெரிந்துகொண்டவை இவை.

1. முதல் போனில் "எப்படி ஆச்சு?" என்று கேட்காதீர்கள். அன்று அவர் அதையே நாற்பது பேருக்குச் சொல்லியிருப்பார். விவரத்தை வேறு சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோவில் முகத்தைக் காட்டச் சொல்லியும் கேட்க வேண்டாம். அவர்களாகக் காட்டினால், நம் பக்கச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பேசாமல் பார்த்துக் கும்பிடுவதே மரியாதை.

2. போனை எடுத்ததும் பழக்கதோஷத்தில் "நல்லா இருக்கியா?" என்று வந்துவிடும். அதற்குப் பதில் "சாப்பிட்டியா? ராத்திரி கண் அசந்தியா?" என்று கேளுங்கள். "விதி", "தைரியமா இரு", "அவர் கொடுத்து வச்சவர், பூ மாதிரி போயிட்டார்", "நீ அழுதா பிள்ளைங்க என்ன ஆகும்" போன்றவை எல்லாம் அழுகிறவரின் வாயை அடைக்கிற பேச்சு. "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலடி" என்று உள்ளதைச் சொல்லலாம். அழுதால் அழட்டும், நாம் லைனில் இருந்தால் போதும்.

3. இறந்தவர் கணவர் என்றால், பத்தாம் நாளுக்கு முன் தோழியிடம் ஒரு விஷயம் கேட்டுவிடுங்கள்: பொட்டு, பூ, வளையல், தாலி விஷயத்தில் அவளுக்கு என்ன விருப்பம்? பெரியவர்கள் கூடியிருக்கும் கூடத்தில் அவளால் வாய் திறக்க முடியாது. வெளியூரில் இருக்கும் நம்மால் அவளுடைய அண்ணனிடமோ மாமியாரிடமோ பதமாகப் பேச முடியும். "அவளுக்கு இஷ்டமில்லைம்மா, கட்டாயப்படுத்த வேண்டாம்" என்று நான் சொன்னதும் அந்த வீட்டுப் பெரியம்மா சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு "சரி, விடு" என்றார். ஊரில் இருந்த யாரும் அதைச் சொல்லத் துணியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

4. பணம் அனுப்புவதாக இருந்தால், காரியச் செலவைப் பார்க்கிற ஆளுக்கு அனுப்புங்கள். "எவ்வளவு வேணும்?" என்று துக்கக்காரரிடம் கேட்க வேண்டாம். இறந்தவரின் எண்ணுக்குத் தவறியும் கூகுள் பே செய்துவிடாதீர்கள். அந்தக் கணக்கு முடங்கினால் உங்கள் பணமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

5. துக்க வீட்டில் கனமான நேரம் விளக்கு வைக்கிற நேரம். இறந்தவர் ஆபீஸ் விட்டு வந்த நேரமும் அதுதான். இந்திய நேரம் மாலை 6 மணி என்பது துபாய், மஸ்கட்டில் 4.30, சிங்கப்பூரில் 8.30. டொரண்டோவில் கோடையில் காலை 8.30, குளிர்காலத்தில் 7.30. நேரத்தைக் குறித்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாளாவது அப்போது பேசுங்கள். பேச விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் தோழி மொச்சை உரிப்பாள், நான் துணி மடிப்பேன். அரை மணி நேரத்தில் மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்போம். தோழி முஸ்லிம் என்றால் கணவருக்குப் பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பார். வெளியே போகாத அந்த நாட்களில் உங்கள் போன்தான் அவருக்கு வாசல் திண்ணை.

6. "ஏதாவது வேணும்னா கேளு" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் பில் நுகர்வோர் எண்ணை வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கட்டிவிடலாம். அவர்கள் தெருவுக்குப் பக்கத்து மெஸ்ஸில் பேசி, ஒரு மாதத்துக்கு ராத்திரிச் சாப்பாடு கொண்டுவந்து தரச் சொல்லலாம். ஒருவருக்காக உலை வைப்பது எவ்வளவு கொடுமை என்று வைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

7. மாத்திரையை மறக்காமல் விசாரியுங்கள். பிரஷர் மாத்திரையைப் பல நாள் விட்டிருப்பார்கள். சர்க்கரை உள்ளவர் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டாலோ இன்சுலின் குத்திக்கொண்டாலோ சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

8. காகித வேலை. அழுது முடிப்பதற்குள் அலைச்சல் வந்துவிடும். தூரத்தில் இருந்தே கை கொடுக்க முடிகிற பெரிய உதவி இதுதான். பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்துங்கள்.

வீட்டில் இறந்திருந்தால் 21 நாளுக்குள் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமோ, நகரத்தில் நகராட்சியிலோ பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது. சான்றிதழில் உள்ள பெயர் ஆதாருடன் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விசாரணைக்குப் பின் தாசில்தார் தருவார்.

இறந்தவரின் பாஸ்புக்கை எடுத்து, மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்க வேண்டும். பல வீடுகளில் இது தெரிவதே இல்லை. வேலையில் இருக்கும்போது இறந்த பி.எஃப். சந்தாதாரரின் குடும்பத்துக்கு அதோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை உண்டு. இறந்தவரின் ஏடிஎம் கார்டை மட்டும் யாரும் பயன்படுத்த வேண்டாம். நாமினியாக முறைப்படி வாங்குவதே பிற்பாடு சிக்கல் இல்லாத வழி.

9. இறந்தவருடைய சிம்மை உடனே தூக்கிப் போட்டுவிடக் கூடாது. கேஸ், வங்கி, ஆதார் எல்லாம் அந்த எண்ணில்தான் கோத்திருக்கும். வேலைகள் முடியும்வரை நீங்களே ரீசார்ஜ் செய்து வையுங்கள். 120 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிடும். அதில் உள்ள படங்களையும், முக்கியமாக அவர் பேசி அனுப்பிய குரலையும் அதற்குள் வேறு இடத்தில் சேமித்துவிடச் சொல்லுங்கள். "வரும்போது தயிர் வாங்கணுமா?" என்று அவர் கேட்ட ஏழு வினாடி என் தோழியிடம் இன்னும் இருக்கிறது.

10. இறந்தவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கையால் எழுதித் தபாலில் அனுப்புங்கள். காலேஜில் யாருக்கு ஃபீஸ் கட்டினார், எந்தப் பாட்டைத் தப்பாகப் பாடுவார் என்பது போல. நாலு வரி போதும். பெயரைச் சொல்லி எழுதுங்கள். எல்லோரும் அவருடைய பெயரைத் தவிர்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

11. முதல் வருடம் அந்த வீட்டில் தீபாவளியும் பொங்கலும் கிடையாது. வாழ்த்துப் படங்களை எல்லோருக்கும் மொத்தமாக அனுப்பும் பட்டியலில் இருந்து துக்கக்காரரின் எண்ணை எடுத்துவிடுங்கள். ஆனால் அன்று காலை போன் செய்யாமல் இருந்துவிடாதீர்கள். இறந்த திதி வேறு, இறந்த தேதி வேறு. திதி வருடா வருடம் வேறு தேதியில் விழும். இரண்டையும் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். கிறிஸ்தவ வீடு என்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள்.

12. "நானும் போய்ச் சேர்ந்துடலாம்னு இருக்கு" என்ற பேச்சைச் சும்மா புலம்பல் என்று விடாதீர்கள். அன்றிரவு கூடப் படுக்க ஓர் ஆளை அனுப்பிவிட்டு, டெலி மானஸ் 14416 எண்ணைக் கொடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

13. லீவு கிடைத்ததும் போங்கள். எட்டு மாதம் கழித்துத்தான் என்றாலும் அது தாமதம் இல்லை. வெளியே தங்காமல் அந்த வீட்டிலேயே நாலு நாள் இருங்கள். பீரோவில் இறந்தவரின் சட்டைகள் இருக்கும். நீங்களாகத் திறக்க வேண்டாம். என் தோழி மூன்றாம் நாள் சாயந்திரம் தானே திறந்தாள். இரண்டு சட்டையை எடுத்துத் தலையணைக்கு உறை தைக்க வைத்துக்கொண்டாள். மிச்சத்தை இருவரும் மடித்து, அவர் தினமும் டீ குடித்த கடையில் வேலை பார்க்கும் பையனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.