காவல் இருந்து பார்த்தவர்கள்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். முதலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஊருக்கு வருவதா, நார்த் சிகாகோவிலேயே தங்கிக் கோடை ஆராய்ச்சிப் பயிற்சியில் சேர்வதா என்று கேட்டிருந்தாய். சேர்ந்துவிடு. அமெரிக்காவில் கால் மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டு. அதன்மேல் மூன்று ஆண்டு ரெசிடென்சி. இந்த ஏழு ஆண்டுகளில் முதலாண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் நடுவே வருகிற கோடைதான் நிம்மதியாக உட்கார்ந்து யோசிக்கக் கிடைக்கிற நீண்ட இடைவெளி. பிறகு போர்டு தேர்வு, கிளினிக், நேர்முகம் என்று நாட்கள் பறந்துவிடும்.

என்.ஐ.எச். எனப்படும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் இதற்காகவே டி35 என்றொரு நிதி வைத்திருக்கிறது. மருத்துவம் சார்ந்த படிப்புகளில் இருக்கும் மாணவர்களை மூன்று மாதம் வரை உதவித்தொகையோடு முழுநேர ஆராய்ச்சியில் பழக்குவதற்குக் கல்லூரிகளுக்குத் தரப்படும் பணம் அது. ரெசிடென்சி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்று சேர்கிறவர்கள் நிறையப் பேர். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் அது மட்டுமே இருந்தால் கோடை முடிவில் ஒரு போஸ்டர் மிஞ்சும், அவ்வளவுதான். இந்தப் பயிற்சி தர வேண்டியது வேறு: எல்லோரும் 'இது இப்படித்தான்' என்று விட்டுவிட்ட ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, அது உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்கிற பழக்கம்.

உன் துறையின் பழைய வேர்களில் ஒன்று நம் ஊரில்தான் இருக்கிறது. பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் அவரை நோயாளிகளிடம் அழைத்துப் போனார். மடங்கிப்போன விரல்கள், குட்டையாகிவிட்ட கால்விரல்கள். தொழுநோய் சதையை அழுக வைக்கிறது, அதனால் விரல் உதிர்கிறது என்பதுதான் அன்றைக்கு மருத்துவர்களே நம்பியது. பிராண்ட் பார்த்தது வேறு. அந்தச் சதை மற்றவர்கள் சதையைப் போலவே ஆறுகிறது. போனது வலி. வலி இல்லாததால் காயம் படுவது தெரிவதில்லை. தெரியாததால் அதே இடத்தில் திரும்பத் திரும்பக் காயம் படுகிறது.

இதை அவர் ஊகமாக விட்டுவிடவில்லை. வேலூரில் மறுவாழ்வு மையத்தில் இருந்த நோயாளிகளோடு சேர்ந்து ஒவ்வொரு காயமும் எதனால் வந்தது என்று தேடினார். சூடான பாத்திரம், இறுகப் பிடித்த கருவிக் கைப்பிடி, பொருந்தாத செருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்தது. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இரவில் முழு விரலோடு படுத்தவர் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டைக் காணோம். இரவு முழுக்க ஆள் வைத்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி. தூங்குகிறவர் விரலை எலி வந்து கடிக்கிறது, அவருக்கு உறைக்கவில்லை. அதன்பிறகு ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள்; பிரச்சினை தீர்ந்தது.

இந்தக் கதையில் ஆய்வகமும் இல்லை, கருவியும் இல்லை. ஒரு கேள்வியும் அதற்காகக் கண் விழித்த ஆட்களும் மட்டுமே. கிளினிக்கில் நடக்கிற ஆராய்ச்சி என்பது அடிப்படையில் இதுதான்.

பிராண்ட் 1966-இல் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்த்தபோது வேலூரில் பார்த்த அதே புண் இருந்தது. அதே உணர்விழப்பு, அதே இடம். தொழுநோய்க் கால்புண்ணுக்குக் காலோடு ஒட்டி மாவுக்கட்டுப் போட்டு, நோயாளியை நடக்கவிட்டே ஆற்றும் முறையை 1930-களிலேயே கொழும்பு அறுவை மருத்துவர் மில்ராய் பால் கையாண்டிருந்தார். அம்முறையைச் சர்க்கரை நோயாளிகளுக்காக அமெரிக்காவில் பரப்பியவர் பிராண்ட். உன் வெள்ளைக் கோட்டுப் பையில் இருக்கும் பத்து கிராம் நைலான் இழைக்கும் கார்வில்லோடு தொடர்பு உண்டு. அந்த இழை அழுத்துவதை உணர முடியாத பாதமே புண் வரக்கூடிய பாதம் என்பதை 1986-இல் அங்கே பிர்க், சிம்ஸ் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். நம் ஊர் மருந்துக் கடைகளிலும் செருப்புக் கடைகளிலும் சர்க்கரைக்காரர்கள் கேட்டு வாங்குகிற எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோயாளிகளுக்காகப் பயன்பாட்டுக்கு வந்ததுதான்.

இனி உன் துறைக்காரர்களே செய்த வேலைக்கு வருகிறேன். டேவிட் ஆம்ஸ்ட்ராங் உன்னைப் போலக் கால் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் குழு 2001-இல் உள்ளங்கால் புண் உள்ள 63 சர்க்கரை நோயாளிகளை மூன்று பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பிரிவுக்கு ஒட்டிப் போட்ட மாவுக்கட்டு, இன்னொன்றுக்குக் கழற்றி மாட்டும் பூட்ஸ், மூன்றாவதற்குப் பாதிச் செருப்பு. பன்னிரண்டு வாரத்தில் மாவுக்கட்டில் 89.5 சதவீதம் ஆறியது. பூட்ஸில் 65, பாதிச் செருப்பில் 58.3. மாவுக்கட்டு ஜெயித்தது என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒரு நெருடல் மிச்சம் இருந்தது. பாதத்தின் அழுத்தத்தைக் குறைப்பதில் அந்த பூட்ஸ் மாவுக்கட்டுக்கு ஏறக்குறைய இணையானது. அப்படியிருக்க ஏன் இவ்வளவு வித்தியாசம்?

அடுத்து அவர்கள் செய்ததை நீ மூலக்கட்டுரையிலேயே படிக்க வேண்டும். 2003-இல் இருபது நோயாளிகளின் இடுப்பில் நடையைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்று, பூட்ஸுக்குள் கை எட்டாத இடத்தில் இன்னொன்று. இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். நாளெல்லாம் நடந்த நடையில் 28 சதவீதம் மட்டுமே பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடந்தது. மிச்சமெல்லாம் அது இல்லாமல். ஒழுங்காக மாட்டிக்கொண்டவர்கள் என்று சொல்லத்தக்க சிறு பகுதியினர்கூட மொத்த நடையில் 60 சதவீதம்தான் பூட்ஸோடு நடந்திருந்தார்கள். இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. பாதத்தில் வலி இல்லை. ராத்திரி எழுந்து பாத்ரூம் போகிறவர் அந்தப் பாரத்தை ஏன் மாட்டப் போகிறார்? வேலூரில் எலியைப் பிடித்தபோது கிடைத்த விடையும் இதுவும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன.

காரணம் தெரிந்ததும் மருந்து எளிமையாகிவிட்டது. அதே பூட்ஸைக் கழற்ற முடியாதபடி வெளியே ஒரு கட்டுச் சுற்றிவிட்டார்கள். 2005-இல் 50 பேரிடம் சோதித்தபோது கழற்ற முடிந்த பூட்ஸில் 51.9 சதவீதமும், கழற்ற முடியாததில் 82.6 சதவீதமும் பன்னிரண்டு வாரத்தில் ஆறின. புதுப் பொருள் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இன்றைக்கு உலக வழிகாட்டி நெறிகள் உள்ளங்கால் நரம்புப் புண்ணுக்கு முதல் தேர்வாகக் கழற்ற முடியாத, முழங்கால் வரை வரும் கட்டையே சொல்கின்றன.

ஆனால் நெறி ஏட்டில் இருப்பதும் கிளினிக்கில் நடப்பதும் ஒன்றல்ல. உன் ஷோல் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டெஃபனி வூவும் மற்றவர்களும் அமெரிக்காவின் கால் கிளினிக்குகளை விசாரித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான புண்களுக்கு ஒட்டிப் போடும் மாவுக்கட்டையே பயன்படுத்தும் இடங்கள் 1.7 சதவீதம் மட்டுமே. ஆதாரம் இருந்தும் வழக்கம் மாறவில்லை. ஏன் என்று கேட்பதும் ஆராய்ச்சிதான். அதற்கு ஆய்வகம் வேண்டாம், நல்ல கேள்வித்தாள் வேண்டும். மாணவர்கள் துணிந்து இறங்கக்கூடிய வேலை அது.

லாரன்ஸ் லேவரியின் வேலையையும் படி. புண் வரும் முன்பே அந்த இடம் சூடாகும் என்பது கார்வில் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. லேவரியும் கூட்டாளிகளும் அதை நோயாளியின் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். முன்பே புண் வந்து ஆறிய 173 பேர், பதினைந்து மாதம். ஒரு பிரிவினர் தினமும் இரண்டு பாதங்களிலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் இரு பாதங்களுக்கும் நான்கு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும். இப்பிரிவில் மீண்டும் புண் வந்தவர்கள் 8.5 சதவீதம். கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்த்துக்கொண்ட பிரிவில் 30.4, வழக்கமான கவனிப்பில் 29.3. ஆறிய புண் ஓராண்டுக்குள் நாற்பது சதவீதம் பேருக்குத் திரும்ப வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால் அந்த வெப்பமானியின் அருமை புரியும்.

உன் கோடைக்கு இவ்வளவு பெரிய சோதனை கைகூடாது. பெரும்பாலும் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டுகிற வேலைதான் தருவார்கள். அதைச் சின்ன வேலை என்று நினைக்காதே. ஆராய்ச்சியின் நேர்மை கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். 'புண் ஆறியது' என்று குறிப்பில் இருக்கும். ஆறியது என்றால் என்ன? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் வரையறைப்படி தோல் முழுக்க மூடியிருக்க வேண்டும், கசிவு இருக்கக் கூடாது, கட்டு தேவைப்படக் கூடாது, இரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருக்க வேண்டும். உன் கேஸ் ஷீட்டை எழுதியவர் அதையா மனதில் வைத்து எழுதினார்? முதல் ஷீட்டைத் திறப்பதற்கு முன் வரையறையை எழுதி வை. பாதியில் மாற்றினால் விடை உன் விருப்பத்துக்கு வளைந்துவிடும்.

அதைவிட முக்கியம், வராமல் போனவர்கள். நான்கு முறை வந்தவர் ஐந்தாம் முறை வரவில்லை என்றால் அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிற பழக்கம் எங்கும் உண்டு. அவருக்குப் புண் ஆறியிருக்கலாம். வேறு மருத்துவமனையில் காலை எடுத்திருக்கலாம். பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் வீட்டில் இருக்கலாம். மாமாவைக் கேட்டால், ஒரு ஆய்வு நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள அதன் முடிவுரையைவிட, வராதவர்களைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். புள்ளியியல் ஆசிரியரையும் தரவு சேர்த்த பிறகு போய்ப் பார்க்காதே. சேர்க்கும் முன் போ. எத்தனை பேர் வேண்டும், எதை அளக்க வேண்டும் என்பதில் அவர் சொல்லும் திருத்தம் உன் கோடையைக் காப்பாற்றும்.

ஒப்புதல் படிவம் பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் கனமாகவே. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை மேக நோய் கொண்ட நூற்றுக்கணக்கான கறுப்பினத்து ஆண்களை அரசு சுகாதாரத் துறையே வைத்தியம் செய்யாமல் கவனித்துக்கொண்டிருந்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அவர்களிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை. அது வெளியே தெரிந்த பிறகே 1979-இல் பெல்மான்ட் அறிக்கை வந்தது. நீ முதல் வாரம் எடுக்கப்போகும் எதிக்ஸ் பயிற்சி அதன்மேல் நிற்கிறது. அமெரிக்காவில் சர்க்கரையால் கால் இழப்பவர்களின் விகிதமும் கறுப்பின மக்களிடையே அதிகம். உன் கிளினிக்கில் ஒரு பெரியவர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினால் அவசரப்படுத்தாதே. பேனாவை நீட்டாதே. உட்கார்ந்து, அவர் கேட்கும் வரை சொல். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்; அவருடைய வைத்தியத்தில் அதனால் எதுவும் குறையாது என்பதையும் உன் வாயாலேயே சொல்லிவிடு.

நினைத்த விடை வராமல் போகலாம். வித்தியாசமே இல்லை என்று முடியலாம். அதையும் எழுது, அதையும் அனுப்பு. கணக்கை வேறு வேறு விதமாகப் போட்டுப் பார்த்து, பொருந்துகிற ஒன்றை மட்டும் எடுத்து எழுதும்படி யாராவது சொன்னால், சொன்னவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முடியாது என்று சொல். அந்த எண்ணை நம்பி ஒரு நாள் யாரோ ஒருவர் யாரோ ஒருவரின் காலைப் பார்ப்பார்.

உன் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பேரையும் கட்டுரை எண்ணிக்கையையும் மட்டும் பார்க்காதே. வாரத்துக்கு ஒரு மணி நேரம் உன்னோடு உட்காருவாரா, முந்தைய மாணவர்களின் பெயர் அவருடைய கட்டுரைகளில் இருக்கிறதா என்று விசாரி. செவ்வாயும் வெள்ளியும் அவர் நோயாளிகளைப் பார்க்கும் நாள் என்றால் அன்றைக்கு நீயும் கிளினிக்கில் இரு. கேள்வி கம்ப்யூட்டரில் கிடைக்காது. செருப்பைக் கழற்றுகிற நோயாளியிடம்தான் கிடைக்கும்.

விண்ணப்பம் அனுப்பும் முன் ஒரு வேலை செய். உன் கேள்வியை ஒரே வாக்கியத்தில், அம்மாவுக்கும் புரிகிற தமிழில் எழுதி எனக்கு அனுப்பு. ஒரு வாக்கியத்தில் அடங்காவிட்டால் மூன்று மாதத்திலும் அடங்காது. ஊருக்கு டிசம்பரில் வந்தால் போதும். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா