வழியில் வீசாதீர்கள்!

பேருந்து ஜன்னல் வழியாக வீசும் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் மழைநீர் வடிகாலை அடைக்கின்றன. மீந்த சோறு ஒட்டிய கேரி பேக்கை மாடு பையோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. பயணத்தில் சேரும் குப்பைக்கு நாமே பொறுப்பேற்க, இதோ சில வழிகள்:

● காரில் முன் இருக்கையின் பின்புறம் ஒரு பழைய துணிப்பையைக் குப்பைக்கென்றே மாட்டி வையுங்கள். பிள்ளைகளுக்கும் கை எட்டும்.

● பழத்தோல், மீந்த சாதத்துக்கு மூடியுள்ள டப்பா ஒன்று தனியாக இருக்கட்டும். நாற்றம் வராது, வீடு திரும்பியதும் உரக்குழியில் கொட்டலாம்.

● கட்டுச்சோற்றுக்கு வாழையிலை, எவர்சில்வர் டப்பா போதும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது.

● உடைந்த கண்ணாடி, பிளேடு போன்றவற்றைத் தடித்த அட்டையில் சுற்றி, மேலே 'கண்ணாடி', 'பிளேடு' என்று எழுதிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிப்பது பெரும்பாலும் நம் அலட்சியம்தான்.

● மலைப்பாதையில் கண்ணாடி பாட்டிலை எறியவே கூடாது. உடைந்த சில்லு யானையின் பாதத்தைக் குத்திப் புண்ணாக்கும்.

● குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தால் பக்கத்தில் வைத்துவிட்டு நகராதீர்கள். நாய் இழுத்து, தெருவெங்கும் இறைத்துவிடும். அடுத்த தொட்டிவரை, இல்லையேல் வீடுவரை எடுத்துச் செல்லுங்கள்.

பெற்றோர் செய்வதைப் பார்த்தே பிள்ளைகள் பழகுகிறார்கள். அடுத்த பயணத்திலிருந்தே தொடங்குங்கள்!