பின்வரிசைக்குக் கேட்காத ளகரம்

மூன்றாம் வகுப்பில் சொல்வதை எழுதுதல். கையடக்கக் கணினியில் பதிவை ஓடவிட்டேன். பின்வரிசையில் சுவரோரம் உட்காரும் மாணவி ‘புளி’யைப் ‘புலி’ என்றும் ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்றும் எழுதியிருந்தாள். பத்துக்கு நான்கு. லகர ளகர வேறுபாடு வரவில்லை என்று பதிவேட்டில் குறித்து, இரண்டு வாரம் தனிப்பயிற்சியும் கொடுத்தேன். ஒருநாள் தற்செயலாக மேசையருகே உட்கார வைத்து அதே பதிவை ஓட்டினேன். ஒன்பது சரி! இத்தனை நாளும் அவள் காதுக்கு ளகரம் போய்ச் சேரவே இல்லை.

வலங்கைமான் பகுதியில் எங்கள் பள்ளி சாலையோரம் இருக்கிறது. உள்ளே மின்விசிறிச் சத்தம், வெளியே அறுவடை இயந்திரம். கணினியின் ஒலித்துளையோ விளிம்பில். மேசையில் படுக்க வைத்தால் பாட்டு ஜன்னலுக்குத்தான் கேட்கும்.

எட்டாம் வகுப்பில் அப்போது ஒலியியல் பாடம். இதையே செயல்பாடாகக் கொடுத்தேன். முதலில் எவர்சில்வர் குண்டானுக்குள் வைத்துப் பார்த்தார்கள். சத்தம் கூடியது, ஆனால் குண்டானும் சேர்ந்து அதிர்ந்து சொற்களை மொணமொணவென்று ஆக்கிவிட்டது. கொட்டாங்குச்சியும் உதவவில்லை. அப்போது ஒரு மாணவன், “நாயனத்து முனையில அனசு இருக்குல்ல டீச்சர், அதுமாதிரி விரிச்சு விடலாமா?” என்றான். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த விரிந்த வாய் எதற்கு என்று நான் சொன்னதில்லை.

பழைய சார்ட் அட்டையில் கூம்பு செய்தோம். குறுகிய முனை ஒலித்துளையை முழுதாகச் சூழ வேண்டும். விரிந்த வாய் 20 செ.மீ. அட்டை கிடுகிடுக்காமலும் ஒலி கசியாமலும் இருக்க, சேரும் இடத்தில் மடித்த துணி வைத்தோம். ரப்பர் பேண்டு போதும், கணினியில் பசை படவே கூடாது.

கூம்பு புதிதாக ஒலியை உண்டாக்குவதில்லை. சிதறிப்போவதை ஒரு பக்கம் திருப்புகிறது. அதையும் எல்லா ஒலிக்கும் செய்வதில்லை. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் என்று வைத்து மாணவர்களே கணக்குப் போட்டார்கள்: 200 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 1.7 மீட்டர், 2000 ஹெர்ட்ஸுக்கு 17 செ.மீ. எங்கள் சிறிய கூம்பு பின்னதைத்தான் நன்றாகத் திருப்பும். அதனால் பாட்டில் தவிலின் கனம் கூடாது. ஆனால் லகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் காட்டும் நுட்பம் பெரும்பாலும் இந்த மேல் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதானே!

கூம்பைப் பின்வரிசை நோக்கித் திருப்பி, வேறு பத்துச் சொற்கள் கொடுத்தேன். அந்த மாணவி எட்டு எழுதினாள். மின்விசிறியை நிறுத்தியிருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதிப் பெருமை அதற்கு. முன்வரிசை ஓரத்துப் பிள்ளைகள், “எங்களுக்குக் கொறையுது டீச்சர்” என்று முறையிட்டார்கள். இப்போது கணினியை முன் மூலையில் ஸ்டூல்மேல் வைத்து, கூம்பை வகுப்பின் குறுக்காகத் திருப்புகிறோம்.

பதிவேட்டில் எழுதிய வரியை அடித்துவிட்டேன். ழகரத்தில் அவள் இன்னும் தடுமாறுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னாலும் அப்படித்தான். அதற்குப் பயிற்சி நடக்கிறது.