பழைய காருக்கு மாற்று டிஸ்ட்ரிபியூட்டர் – பொருந்தினால் மட்டும் போதுமா?

ஹவுராவிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமது அன்பர்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. அப்பா ஓட்டிய அம்பாசடர், மாமனார் விட்டுப்போன ஹெரால்டு என்று ஏதோ ஒன்று வாசலில் நிற்கிறது. விற்க மனம் வரவில்லை, ஓட்டவும் வழியில்லை. "காலையில் ஸ்டார்ட் ஆகிறது, சூடேறினால் இழுவை இல்லை" என்று மிஸ்திரியிடம் சொன்னால், அவர் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுவார். கார்புரேட்டர் கோளாறு என்று வருவதில் பாதி டிஸ்ட்ரிபியூட்டர் கோளாறு என்பது அந்தக் காலப் பட்டறைகளில் புழங்கிய பேச்சு. அதில் பெரிய மிகை ஒன்றும் இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் செய்யும் வேலை இரண்டு. காயிலில் பிறக்கும் உயர் மின்னழுத்தத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துப் பங்கிடுவது ஒன்று. அந்தப் பொறி எப்போது விழவேண்டும் என்று தீர்மானிப்பது மற்றொன்று. பெயர் முதல் வேலையால் வந்தது. எஞ்சினின் ஆயுள் இரண்டாவது வேலையில் இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு அதில் பாதி, 1500 சுற்று சுற்றும். சுற்றுக்கு நான்கு பொறி. ஆக நொடிக்கு நூறு தடவை பாயிண்ட் திறந்து மூட வேண்டும், அதுவும் தவறாத நேரத்தில்.

இதை எழுதத் தூண்டியது நமது சங்கத்து இளைஞர் ஒருவரின் அனுபவம். அவரிடம் இருப்பது எம்.ஜி.ஏ. என்னும் இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை செய்யப்பட்ட வண்டி. முதல் நான்கு ஆண்டுகள் அதில் இருந்தது 1489 சி.சி. எஞ்சின். அந்த எண் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? நம் அம்பாசடர் எஞ்சினும் அதே 1489 சி.சி.தான்! இரண்டும் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி சீரிஸ்' என்ற ஒரே குடும்பம். ஹவுராவிலிருந்து பண்டேல் போகும் லோக்கல் வண்டியில் உத்தரபாராவை அடுத்து ஹிந்த்மோட்டர் என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அந்தத் தொழிற்சாலையில் பிறந்ததுதான் அம்பாசடர். 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. அபிங்டன் ஸ்போர்ட்ஸ் காரும் நம்மூர் டாக்ஸியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

எம்.ஜி.ஏ.யின் டிஸ்ட்ரிபியூட்டர் தேய்ந்துவிட்டது. ஒரு கடையில், "அம்பாசடருக்குப் போடுவதே இதற்கும் அப்படியே உட்காரும்" என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைப்பதாகவும் சொன்னார்கள். உட்கார்ந்தது என்னவோ உண்மை. வண்டியும் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆயிற்று. ஆனால் வித்யாசாகர் சேதுவின் ஏற்றத்தில் நான்காவது கியரில் மிதித்தால், தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டு உருட்டினாற்போல் ஒரு சத்தம். "மாமா, பெட்ரோல் கலப்படமாக இருக்குமோ?" என்று அவர் என்னிடம் வந்தார். பெட்ரோல் அல்ல, நாக்கிங். பொறி தேவைக்கு முன்பாக விழுகிறது. இந்தச் சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும், அல்லது ரிங் அமரும் வரம்பு உடையும். இந்தியாவில் எம்.ஜி.ஏ. பிஸ்டன் கடைத்தெருவில் கிடைக்கும் சாமான் அல்ல.

ஒரே குடும்பத்து எஞ்சின்தானே, ஏன் ஒத்துப்போகவில்லை? கட்டுரையின் மையமே இதுதான். சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

சிலிண்டருக்குள் கலவை எரிந்து முடிய ஒரு குறிப்பிட்ட நேரம் ஆகும். எஞ்சின் வேகம் கூடினாலும் அந்த நேரம் அதே அளவில் குறைந்துவிடுவதில்லை. ஆகவே வேகம் கூடக் கூடப் பொறியை முன்கூட்டியே விடவேண்டும். இதற்கு அட்வான்ஸ் என்று பெயர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் பிளேட்டுக்குக் கீழே இரண்டு எடைக்கட்டிகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. தண்டு வேகமாகச் சுற்றும்போது எடைகள் ராட்டினத்துத் தொட்டில்போல் வெளியே விரிந்து, கேமைச் சுற்றும் திசையில் சற்று முன்னே தள்ளும். எந்த வேகத்தில் எத்தனை டிகிரி தள்ளவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அந்த ஸ்பிரிங்குகளின் இறுக்கமும், எல்லையில் நிறுத்தும் தடுப்பும்.

இந்தக் கணக்கு எஞ்சினுக்கு எஞ்சின் வேறு. எம்.ஜி.ஏ. எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம் 8.3-க்கு 1, இரட்டைக் கார்புரேட்டர், சுமார் 70 குதிரைத்திறன், 5500 சுற்று வரை ஓடுவதற்காகச் செய்தது. அம்பாசடருக்கோ அன்றைக்கு இங்கே கிடைத்த பெட்ரோலை உத்தேசித்துக் கம்ப்ரெஷனைக் குறைவாக வைத்தார்கள். குதிரைத்திறன் 50-ஐ ஒட்டி. குடும்பத்தோடு மெதுவாகப் போகிற வண்டி. கம்ப்ரெஷன் குறைந்த எஞ்சினில் கலவை மெதுவாக எரியும். அதற்குப் பொறி முன்னதாகவும், குறைந்த வேகத்திலேயே நிறையவும் வேண்டும். அதே ஏற்பாட்டை எம்.ஜி.ஏ.யில் மாட்டினால் ஏற்றத்தில் தட்டாமல் என்ன செய்யும்? அண்ணன் சட்டை தம்பிக்கு உள்ளே நுழையலாம்; அளவு சட்டை ஆகிவிடாது.

லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் இந்த விவரமெல்லாம் சாமானிலேயே பொறித்திருக்கும். கடைக்காரர் பேச்சைக் கேட்பதற்குமுன் இவற்றைப் படிக்கவேண்டும். உடம்பின் பக்கவாட்டில் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் அதன் ஜாதகம். பக்கத்தில் நான்கு இலக்கம் செய்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். '25 68' என்றால் 1968-ஆம் ஆண்டின் 25-ஆவது வாரம். பாயிண்ட் பிளேட்டைக் கழற்றினால் கேமின் அடித்தட்டில் இன்னொரு எண் தெரியும். எடைகள் அதிகபட்சம் தரக்கூடிய அட்வான்ஸ் அது. இது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. எஞ்சின் கணக்குக்கு இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். உதாரணமாக 12 என்று இருந்து, ஆரம்ப டைமிங் 7 டிகிரி என்றால், வேகத்தில் மொத்தம் 24-உம் 7-உம் சேர்ந்து 31 டிகிரி. பக்கவாட்டில் தொங்கும் வாக்குவம் டப்பாவில் '5-13-10' என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். 5 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் வேலை தொடங்கி, 13 அங்குலத்தில் முடிந்து, 10 டிகிரி தரும் என்று பொருள். இந்த மூன்று இடங்களிலும் எண் ஒத்திருந்தால் அது உங்கள் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர். இல்லாவிட்டால் உருவத்தில் மட்டும் ஒத்தது.

நல்லவேளையாக, அந்தக் கடையில் பழையதை இன்னும் உருக்குக்குப் போட்டிருக்கவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தே மீட்டுக்கொண்டு வந்தோம்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மாற்று வாங்குவதற்குமுன், கையிலிருப்பதைப் பழுது பார்க்க முடியுமா என்று பாருங்கள். பத்து நிமிடச் சோதனைதான். கேப்பைக் கழற்றித் தண்டின் தலையை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்கு ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. பாயிண்ட் இடைவெளியே 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்தான்; அதில் தண்டே ஆடினால் நான்கு சிலிண்டருக்கும் நான்கு விதமான டைமிங். அடுத்து, ரோட்டரை அது சுற்றும் திசையில், பி சீரிஸ் எஞ்சினில் இடப்புறமாக, திருகி விடுங்கள். 'டக்'கென்று தானே திரும்பவேண்டும். திரும்பாமல் நின்றால் எடைகள் துருவேறி இறுகிவிட்டன அல்லது ஸ்பிரிங் போய்விட்டது. மூன்றாவதாக வாக்குவம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பிளேட் நகர்ந்து அப்படியே நிற்கவேண்டும். நழுவித் திரும்பினால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது.

இளைஞரின் பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் போயிருந்தது புஷ் ஒன்றே. எடைகளைச் சுத்தம் செய்ததும் அவை உயிர்பெற்றன. ஸ்பிரிங்கை மட்டும் யாரையும் இழுத்துப் பார்க்க விடாதீர்கள். ஒரு தடவை நீண்டால் அதன் கணக்கு போய்விடும். புஷ் விஷயத்தில் ஹவுராவாசிகள் கொடுத்துவைத்தவர்கள். பெலிலியஸ் ரோட்டில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? தண்டின் தேய்மானத்தை மைக்ராமீட்டரில் அளந்து, அதற்கேற்பப் பாஸ்பர் பிரான்ஸில் புஷ் கடைந்து வாங்கினோம். எண்ணெய் ஊறும் ரகப் பிரான்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் மாட்டுமுன் ஒரு நாள் முழுக்க எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். ரயில்வே பட்டறையில் தேய்மானத்துக்கு எல்லை எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் கழிவு, தாண்டாவிட்டால் ஓடும். கார்ப் பட்டறைகளில் அளக்காமலே 'மாற்றிவிடலாம் தாதா' என்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

உடம்பே உடைந்து, தண்டும் தேய்ந்து, பழுதுக்கு வழியில்லை என்றால்தான் மாற்று. மல்லிக் பஜாரில் தேடினால் பழைய லூகாஸ் சாமான்கள் இன்றும் கண்ணில் படும். சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் பெயரிட்டவையும் கிடைக்கும். அம்பாசடர்காரர்களுக்கு அதைவிட நல்லது வேறில்லை. வாங்குமுன் கடையிலேயே மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை. புது அட்டைப்பெட்டியில் வரும் நகல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் பத்து விதமான வண்டிகளுக்கும் பொருந்தும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். பத்துக்கும் பொருந்துவது ஒன்றுக்கும் சரியாக இராது என்பதை இதுவரை படித்ததிலிருந்தே ஊகித்திருப்பீர்கள்.

சில்லறைச் சாமான்களிலும் இதே தொல்லைதான். புதிய கண்டன்சர்கள் சில சூடேறியதும் சாகின்றன, ஆறியதும் பிழைக்கின்றன. நடுவழியில் நின்று, அரை மணி கழித்துத் தானே கிளம்பும் வண்டியென்றால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்டன்சரைப் புதியது என்ற ஒரே காரணத்துக்காக மாற்றாதீர்கள். ரோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் தண்டுக்கு மிக நெருக்கமாக இருந்தால், மின்சாரம் பிளாஸ்டிக்கைத் துளைத்து நேரே தண்டுக்குப் பாய்ந்துவிடும். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர் கேட்டு வாங்குங்கள். கேப்பின் உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கினாற்போல் கறுப்புக் கோடு தெரிந்தால் அது மின்கசிவின் தடம், துடைத்துப் பயனில்லை. டிக்கியாபாராப் பக்கம் மழைக்காலத்தில் ஒரு முழம் தண்ணீரில் வண்டி ஓட்டியவர்களுக்குக் கேப்பின் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர் போடலாமா என்று கேட்பார்கள். பாயிண்டே இல்லாமல் முழுதாக மாற்றும் ரகங்கள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நெதர்லாந்தின் '123 இக்னிஷன்' அவற்றில் பெயர் பெற்றது. அதன் சாதாரண ரகத்தில் ஒரு சிறு திருகைத் திருப்பிப் பதினாறு அட்வான்ஸ் கணக்குகளில் நமக்கு உரியதைத் தேர்ந்துகொள்ளலாம். தேய்வதற்குப் பாயிண்ட் இல்லை, வெளிநாட்டு விலை என்பதுதான் குறை. தீகாவரை அடிக்கடி ஓட்டுபவருக்கு இதையே சிபாரிசு செய்வேன். இரண்டு எச்சரிக்கை. எம்.ஜி.ஏ. போன்ற வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் கூட்டல் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். நெகட்டிவ் எர்த்துக்கான சாதனத்தை அதில் மாட்டினால் அந்த நொடியே போச்சு. காயிலின் மின்தடையையும் அந்தச் சாதனத்தின் குறிப்போடு ஒப்பிடவேண்டும். சில காயில்கள் மூன்று ஓம், சில ஒன்றரை ஓம். மாற்றிய பிறகும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரை டிக்கியில் போட்டு வைத்திருங்கள். பாயிண்ட் கறுத்தால் சாலையோரத்தில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். மின்னணுப் பெட்டி செத்தால் வண்டியைக் கயிறு கட்டித்தான் இழுக்கவேண்டும்.

மாட்டும்போது பெரிய பயம் வேண்டாம். தண்டின் அடியிலுள்ள பற்கள் நடுவிலிருந்து ஒதுங்கியவை. ஒரே ஒரு வாட்டத்தில்தான் உட்காரும். டுவெல் மீட்டர் இருந்தால் 60 டிகிரிக்கு வையுங்கள். பிறகு முதல் சிலிண்டரை டைமிங் குறிக்குக் கொண்டுவந்து (பழைய எம்.ஜி.யில் குறி அடியில் இருக்கிறது, படுத்துத்தான் பார்க்கவேண்டும்), பாயிண்ட் கம்பிக்கும் பாடிக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பைப் பிடியுங்கள். பல்பு எரியத் தொடங்கும் இடமே பாயிண்ட் திறக்கும் இடம். நெளிவு விளிம்புள்ள சிறு நட்டில் 'ஏ', 'ஆர்' என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். முன்னும் பின்னும் நுணுக்கமாகத் திருத்த அது போதும். கேமில் பட்டாணி அளவு கிரீஸும், ரோட்டருக்கு அடியில் இரண்டு சொட்டு எண்ணெயும் விடுங்கள்; பாயிண்டில் மட்டும் பட்டுவிடக்கூடாது.

கடைசியாகச் சாலைச் சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏற்றத்தில், மேல் கியரில் மிதித்துக் காதைத் தீட்டிக் கேளுங்கள். நம் இளைஞர் அதே வித்யாசாகர் சேதுவில் மூன்று தடவை ஏறி இறங்கினார், டோல் காசைப் பார்க்காமல். கோலிக்குண்டுச் சத்தம் இல்லை. இப்போது பேட்டரி பழையது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றி இன்னொரு இதழில்.