டீசல் இன்ஜின் மாடலை மெருகேற்றப் போகிறாயா? முதலில் போட்டோவைத் தேடு!

பெட்டியைப் பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் ஸ்க்ரூ டிரைவர் கைக்கு வந்துவிட்டதா? கீழே வை. ரெடி-டு-ரன் டீசல் இன்ஜினை ஆசையாக வாங்கி, அவசரத்தில் கெடுத்துக்கொண்டு வந்து நிற்பவர்களை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். எல்லோரும் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுத் தப்புகளைத்தான் செய்கிறார்கள். அலுவலகம், வீடு எல்லாம் போக உனக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதை வீணாக்காமல் இருக்கத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு பிரிட்டனின் கிளாஸ் 37-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1960 முதல் 1965 வரை 309 இன்ஜின்கள் கட்டினார்கள். ஓஓ அளவில், அதாவது 1:76-இல், மாடலின் நீளம் சுமார் 246 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்து அடி ஸ்கேலுக்குள் அடங்கிவிடும்.

1. பிரிக்கும் முன் ஓட்டு. சாதாரண டிசி கன்ட்ரோலரில் முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி. மோட்டார் முனகுகிறதா, சக்கரம் ஆடுகிறதா, இரண்டு பக்க விளக்கும் எரிகிறதா என்று பார். குறை இருந்தால் அன்றைக்கே கடைக்குத் திருப்பி அனுப்பு. நீ கை வைத்த பிறகு யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

2. ஒரு இன்ஜின், ஒரு வருடம், ஒரு போட்டோ. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், காது கொடுத்துக் கேள். "கிளாஸ் 37 செய்யப் போகிறேன்" என்று கிளம்பாதே. எந்த 37? டி6607 என்று பிறந்த இன்ஜின் 1970களில் 37307 ஆனது. 1985-86-இல் க்ரூ பணிமனையில் 31 இன்ஜின்களுக்கு, பயணிகள் பெட்டிகளைச் சூடாக்க மின்சாரம் தரும் வசதி சேர்த்தார்கள். அப்போது இது 37403 ஆகி, 'ஐல் ஆஃப் மல்' என்ற பெயரும் பெற்றது. பிறகு பச்சை வண்ணம் பூசி, பழைய டி6607 எண்ணையே கொடுத்து, 'பென் குருவாகன்' என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். ஒரே இன்ஜினுக்கு இத்தனை வேடம். ஒரு காலத்து எண்ணையும் இன்னொரு காலத்துப் பெயரையும் ஒன்றாக ஒட்டிவிட்டால், எவ்வளவு சுத்தமாக ஒட்டினாலும் தப்பு தப்புதான்.

மூக்கையும் கவனி. டி6818 வரை வந்தவற்றுக்கு முன்பக்கம் இரண்டு தனித்தனிப் பெட்டிகளில் ரயில் குறியீடு இருந்தது. டி6819 முதல் நடுவில் ஒரே பலகை. டி6607 எண்ணில் சிறியதானாலும் இவற்றுக்குப் பின்னால் கட்டியது, அதனால் அதற்கும் ஒரே பலகைதான். இரட்டைப் பெட்டி மூக்கு உள்ள மாடலை வாங்கி வைத்துக்கொண்டு 37403 எழுத முடியாது. வாங்கும்போதே பார்த்திருந்தால் இந்த வேதனை இல்லை. போட்டோவை அச்செடுத்து மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டு. போனில் வைத்துக்கொண்டு, பெயின்ட் கையால் திரையைத் தள்ளிக்கொண்டிருக்காதே.

3. எண்ணை முழுதும் அழிக்காதே. ஏற்கெனவே இருக்கும் எண்ணிலிருந்து ஓரிரு இலக்கம் மட்டும் மாறுகிற இன்ஜினைத் தேர்ந்தெடு. பாதி வேலை மிச்சம். அழிப்பதற்கு எனாமல் தின்னரில் தொட்ட பல் குச்சி போதும். முதலில் அடிப்பக்கத்தில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதே, அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

புது இலக்க டீகால் ஸ்டிக்கரை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, நகர்த்திச் சரியான இடத்தில் உட்காரவை. மேலே மென்மையாக்கும் திரவம் தடவியதும் அது சுருங்கி, பார்க்கவே வயிறு கலங்கும். தொடாதே! போய் ஒரு காபி குடித்துவிட்டு வா. காயக் காயத் தானாகப் படிந்துவிடும்.

4. பஃபர் பீமில், அதாவது இன்ஜின் முனையில் பஃபர்கள் பொருந்தும் குறுக்குச் சட்டத்தில், ஒரு முனை மட்டும். பெட்டியில் ஒரு சின்னப் பையில் குழாய்கள், பனி ஒதுக்கும் கலப்பை எல்லாம் கொடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் மாட்டிவிட்டு, "அக்கா, பெட்டி இணைக்க முடியவில்லை" என்று என்னிடம் வந்தவர்கள் ஏராளம். முழுக் குழாயும் கலப்பையும் மாட்டினால் கப்ளிங் ஆட இடம் இருக்காது. 438 மில்லிமீட்டர் ஆரமுள்ள இரண்டாம் வளைவில் வண்டி தடம் புரளும். ரயில் இணைகிற முனையைச் சும்மா விடு. முன்னால் போகிற முனையை அழகாக்கு.

அந்த முனையில் மட்டும் நிதானமாக உட்கார். சிவப்புக் குழாய் பிரேக்குக்கு, மஞ்சள் குழாய் காற்றுத் தேக்கத்துக்கு. துளைக்குள் வார்ப்புப் பிசிறு இருந்தால் கைத் துரப்பணத்தால் இரண்டு சுற்று சுற்று, குழாயை அழுத்தித் திணிக்காதே. சூப்பர் க்ளூவை டியூபிலிருந்து நேராக விடாதே. ஒரு துண்டு அலுமினியத் தாளில் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் தொட்டு, குழாயின் அடியில் வை. கடுகில் பாதி அளவு பசை போதும். இடுக்கியில் பிடித்த குழாய் துள்ளிப் பறக்கும். அதனால் கையையும் இன்ஜினையும் ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் விட்டு மாட்டு. தரையில் தவழ்ந்து தேடும் வேலை இல்லை.

5. கண்ணாடி அருகே சூப்பர் க்ளூ கூடவே கூடாது. அதன் ஆவியே கண்ணாடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். என் முதல் இன்ஜினில் டிரைவர் பொம்மையை அப்படித்தான் ஒட்டினேன். மறுநாள் காலையில் ஜன்னல் முழுக்கப் பனி மூட்டம், துடைத்தும் போகவில்லை. டிரைவருக்கும் ஜன்னலுக்கும் காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசையே சரி. உலோகப் பெயர்ப்பலகைக்கும் அதே பசைதான், கோணலாக உட்கார்ந்தால் நகர்த்திக்கொள்ளலாம்.

6. டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு டிகோடர் போடுகிறாயா?

- எத்தனை பின் சாக்கெட் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடு. 8 பின் இருக்கிறது, 21 பின்னும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.
- மேல்கூட்டை மூடும் முன் ப்ரோக்ராமிங் தண்டவாளத்தில் வைத்து முகவரியைப் படி. புது டிகோடர் பொதுவாக 3 என்று சொல்லும். சொல்லவில்லையா, அப்படியே நிறுத்து. இணைப்பைச் சரிபார்க்காமல் பிரதானப் பாதையில் ஏற்றினால் டிகோடர் கருகும்.
- ஸ்பீக்கரை மூடிய கூண்டோடு பொருத்து. கூண்டு இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் கொசு மாதிரிதான் பாடும்.
- ஒயரைச் சாதாரண கறுப்பு டேப்பால் கட்டாதே. சூட்டில் பிசுபிசுத்து ஒழுகும். சூடு தாங்கும் காப்டன் (Kapton) டேப் வாங்கு.

7. எண்ணெய். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மாடல் எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி. தேங்காய் எண்ணெயைத் தொட்டுவிடாதே. மார்கழிக் குளிரில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் பல்சக்கரத்தில் என்ன செய்யும் என்று நீயே யோசி.

8. அழுக்கு பூசுவது கடைசி வேலை. இதில் கை தாராளமாகிவிடும், கட்டுப்படுத்து. பயணிகள் வண்டி இழுத்த இன்ஜினின் பக்கவாட்டை மெஷினில் கழுவுவார்கள். அதனால் உடம்பு ஓரளவு சுத்தம், சக்கரங்கள் உள்ள போகியில் பிரேக் தூசியின் பழுப்பு, கூரையில் புகைபோக்கியைச் சுற்றி மட்டும் கரி. எவ்வளவு என்று சுவரில் இருக்கும் போட்டோ சொல்லும். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பரப்பில் அழுக்குப் பொடி படக் கூடாது, மின்சாரம் ஏறாது. மேட் வார்னிஷ் அடிக்கும்போது இன்ஜினின் ஜன்னல்களை மறைத்துவிடு. மழை நாளில் அடிக்காதே, ஈரக் காற்றில் வெளுத்துப்போகும்.

எல்லாவற்றையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே முடிக்க நினைக்காதே. இந்த வாரம் போட்டோவும் எண்ணும் மட்டும். குழாய்ப் பையைப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வை, அடுத்த வாரம் பிரிக்கலாம்.