ஜஅஃபரின் வீட்டுக்குச் சென்ற உணவு

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனான அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நம் மஹல்லாக்களில் உதவி நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நிகழ்ச்சி முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு நம்மை நாமே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: யாருக்காகக் கூடினோமோ, அந்த வீட்டின் பாரம் குறைந்ததா? இதற்கான அளவுகோலை ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்களின் வாழ்வில் காண்போம்.

அந்நிய மண்ணில் கிடைத்த அடைக்கலம்

மக்காவில் கொடுமை தாங்க முடியாமல் கி.பி. 615-ஆம் ஆண்டளவில் முஸ்லிம்கள் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்களும் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுடன் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்நாட்டை ஆண்டவர் நஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னர். அகதிகளைத் திருப்பி அனுப்புமாறு குறைஷிகள் அன்பளிப்புகளோடு தூதர்களை அனுப்பினார்கள். மன்னர் இரு தரப்பையும் விசாரித்தார். ஜஅஃபர் (ரலி) மர்யம் அத்தியாயத்தை ஓதக் கேட்டு அழுதார். அன்பளிப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அகதிகளுக்கு அடைக்கலம் தந்தார்.

ஜஅஃபர் (ரலி) 10 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மண்ணில் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள். இந்த நன்றியை நபி (ஸல்) அவர்கள் மறக்கவில்லை. நஜாஷி இறந்த செய்தி வந்தபோது மதீனாவில் தோழர்களை அணிவகுக்கச் செய்து, அவருக்காகத் தொழுகை நடத்தினார்கள் (புகாரி). நம்மோடு போரிடாத, நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாத பிற மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை 60:8 வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது.

மூத்தாவும் ஓர் இல்லமும்

ஹிஜ்ரி 7-இல் ஜஅஃபர் (ரலி) மதீனா வந்தார்கள். ஏழைகளிடம் அவர்களைப் போல் நல்லவிதமாக நடந்தவர் இல்லை என்கிறார்கள் அபூஹுரைரா (ரலி). பசித்தவர்களை வீட்டுக்கு அழைத்துப் போய் இருப்பதைக் கொடுப்பார்களாம். ஒன்றும் இல்லாவிட்டால் காலியான நெய்த் தோற்பையை எடுத்து வருவார்களாம். அதைப் பிளந்து, ஒட்டியிருப்பதை வழித்து உண்போம் என்கிறார்கள் (புகாரி).

அடுத்த ஆண்டே, இன்றைய ஜோர்தானில் உள்ள மூத்தாவில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானார்கள். அந்தச் செய்தியோடு நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்தபோது அஸ்மா (ரலி) மாவு பிசைந்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி எண்ணெய் தேய்த்திருந்தார்கள். நபி (ஸல்) பிள்ளைகளை வரவழைத்து முகர்ந்தார்கள், கண்கள் கலங்கின. இதை இப்னு ஹிஷாமின் வரலாற்று நூலில் காண்கிறோம்.

பிறகு நபி (ஸல்) அவர்கள், ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைக்குமாறு தம் வீட்டாரிடம் கூறினார்கள். அவர்களை வேறெதிலும் கவனம் செலுத்த விடாத துயரம் வந்துவிட்டது என்று காரணமும் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதி).

கவனியுங்கள் சகோதரர்களே! அந்த வீட்டில் மாவு இருந்தது. பிசைந்தும் வைத்திருந்தார்கள். அடுப்பு மூட்டக் கை எழவில்லை, அவ்வளவுதான். வீட்டில் என்ன இல்லை என்று மட்டும் பார்க்காமல், அவர்களால் இன்று எதைச் செய்ய முடியவில்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் பார்த்தார்கள்.

உதவி அந்த ஒரு நாளோடு நிற்கவில்லை. பிள்ளைகள் தந்தையை இழந்ததைச் சொல்லித் தாய் கலங்கியபோது, இம்மையிலும் மறுமையிலும் அவர்களுக்குத் தாமே பொறுப்பாளராக இருக்க, வறுமைக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்று நபி (ஸல்) ஆறுதல் கூறினார்கள் (அஹ்மத்).

உயிரோடு திரும்பியவர்கள்

மூத்தாவிலிருந்து பின்வாங்கி வந்த வீரர்களைச் சிலர் ஓடிவந்தவர்கள் என்று ஏசினார்கள். நபி (ஸல்) அவர்களோ, இவர்கள் ஓடியவர்கள் அல்லர், அல்லாஹ் நாடினால் மீண்டும் செல்பவர்கள் என்று அவர்களின் மானத்தைக் காத்ததாக அதே வரலாற்று நூல் கூறுகிறது. இறந்தவரைப் புகழ்வது எளிது. காயத்தோடும் கலக்கத்தோடும் திரும்பியவரை மதித்து ஏற்பதும் சமுதாயத்தின் கடமைதான்.

நாம் என்ன செய்கிறோம்?

இன்று நம் ஊர்களில் மய்யித் வீட்டாரே கடன் வாங்கி, வருபவர்களுக்குப் பிரியாணி போடும் நிலை இருக்கிறது. இது சுன்னத்தைத் தலைகீழாக்குவதாகும். மய்யித் வீட்டில் கூடுவதையும் அங்கே உணவு தயாரிப்பதையும் ஒப்பாரியின் ஒரு பகுதியாகவே ஸஹாபாக்கள் கருதினார்கள் என்று ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) கூறுகிறார்கள் (இப்னு மாஜா).

இன்னொரு தவறும் நடக்கிறது. ஒரு மூட்டை அரிசிக்காக விதவைப் பெண்ணை மேடையேற்றி, படம் எடுத்து, ஊர் முழுக்க அனுப்புகிறோம். சொல்லிக் காட்டியும் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று 2:264 வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். அந்தப் படத்தை அவளுடைய மகன் பள்ளிக்கூடத்தில் பார்க்க நேர்ந்தால், நாம் கொடுத்த அரிசி அவன் தொண்டையில் இறங்குமா?

ஆகவே இந்த ஜுமுஆவிலிருந்து மூன்று காரியங்களை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் தெருவில் மவ்த் நடந்தால், அந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டாம்; நம் வீட்டுச் சாப்பாடு அங்கே போகட்டும். பண உதவியை இரவில், ஒருவர் மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள். 40 நாள் கழித்து எல்லோரும் மறந்த பிறகு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று ஒருமுறை விசாரியுங்கள். பக்கத்து வீட்டில் துயரப்படுபவர் முஸ்லிம் அல்லாதவராக இருந்தாலும் உதவியைத் தடுத்துக்கொள்ள வேண்டாம். அகதியாக வந்த முஸ்லிம்களுக்குக் கதவைத் திறந்தவர் ஒரு கிறிஸ்தவ மன்னர் என்பது நினைவிருக்கட்டும்.

துயரப்படுவோரின் பாரத்தைச் சுமப்பவர்களாகவும், அவர்களின் மானத்தைக் காப்பவர்களாகவும் அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.